தங்கமலையும் தலைவரியும்
கனடாவில் சீனர் சமுதாயம் வளர்ந்த வரலாறு

கனடா ஒரு பல்பண்பாட்டு நாடு என்று உலகறியப் பேசப்படுகின்றது. 1971 ஒக்ரோபர் 8 ஆம் நாள் பிரதமர் பியர் ட்ரூடோ பல்பண்பாட்டுக் கொள்கையைப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். 1988 இல் அது சட்டமாயிற்று. ஆனால் அக்கொள்கை அறிவிக்கப்பட்ட நாளில், சீனர்கள் இம்மண்ணில் தொடர்ந்து வாழத் தொடங்கி 113 ஆண்டுகள் கடந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதி, அவர்களைப் பிரஜைகளாக ஏற்க மறுத்த ஆண்டுகளாகும்.

2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கனடாவில் வாழும் சீன வமிசத்தவர் தொகை சுமார் 17 இலட்சம். எனினும் ஒரு சமுதாயத்தின் வளர்ச்சியைத் தலைகளை எண்ணி மாத்திரம் அறிந்துவிட இயலாது. உழைப்பாளர் கூட்டமொன்று ஒரு நாட்டில் இருப்பது வேறு. அக்கூட்டம் மனைவி மக்களோடு வாழ்ந்து, பள்ளி அமைத்து, பத்திரிகை நடத்தி, தன் முதியோரைத் தன் அருகிலேயே அடக்கஞ்செய்து ஒரு சமுதாயமாவது வேறு. சீனரின் உழைப்பை வேண்டி அழைத்த கனடா, அவர்தம் குடும்பங்களுக்கு நெடுங்காலம் கதவடைத்தது. அக்கதவு எவ்வாறு அடைபட்டது, யாரால் எவ்வாறு திறக்கப்பட்டது என்பதே கனடியச் சீனர் வரலாற்றின் சாரம் எனலாம்.

தங்கமலை

கனடியக் கரையில் சீனர் முதன்முதல் இறங்கியது 1788 இல். ஜோன் மியர்ஸ் என்னும் ஆங்கிலேய வணிகர், தென்சீனத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது கைவினைஞரை வன்கூவர் தீவின் நூட்கா விரிகுடாவுக்கு அழைத்துவந்தார். அவர்கள் அங்கே ஒரு கப்பலைக் கட்டினர். அக்குடியேற்றம் நிலைக்கவில்லை.

நிலையான வரவு 1858 இல் தொடங்கிற்று. பிறேசர் ஆற்றங்கரையில் பொன் கிடைக்கின்றது என்ற செய்தி கலிபோர்னியாவை எட்டியதும், அங்கே சுரங்கங்களில் உழைத்துக்கொண்டிருந்த சீனர் வடக்கே புறப்பட்டனர். பின்னர் தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணத்திலிருந்து நேராகவும் வரலாயினர். தாய்ஷான் முதலிய நான்கு மாவட்டங்களே அவர்களுட் பெரும்பாலாரின் பிறப்பிடம். நிலப்பற்றாக்குறையும் உள்நாட்டுக் கலகங்களும் பஞ்சமும் அப்பகுதி மக்களைக் கடல்கடக்கத் தூண்டின. வட அமெரிக்க மேற்குக் கரையை அவர்கள் "தங்கமலை" என்று அழைத்தனர். அப்பெயர் பிற்காலத்தில் ஏக்கத்தின் பெயராகவும் ஏமாற்றத்தின் பெயராகவும் நின்று நிலைத்தது.

பொன் தேடியவர்களோடு கடைக்காரரும் சமையற்காரரும் காய்கறித் தோட்டக்காரரும் வந்தனர். விக்ரோறியா நகரில் கனடாவின் முதலாவது சீனர் நகர் உருவாயிற்று. ஒரே ஊரார், ஒரே குலப்பெயரினர் ஒன்றுகூடிச் சங்கங்கள் அமைத்தனர். 1884 இல் விக்ரோறியாவில் எழுந்த சீனர் பொதுநல ஒன்றியம் நோயாளரைப் பேணிற்று; வழக்காடிற்று; இறந்தோருக்கு இறுதிக்கடன் ஆற்றிற்று. அரசு செய்யாதவற்றைச் சங்கம் செய்தது.

இருப்புப்பாதை

1871 இல் பிரிட்டிஷ் கொலம்பியா கனடியக் கூட்டாட்சியில் இணைந்தபோது, கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப்பாதை வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. அப்பாதையின் மிகக் கடினமான பகுதி பிறேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதனை அமைக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றவர் அன்ட்ரூ ஒண்டர்டொங்க். அவர் சீனத் தொழிலாளரை நாடினார். மேற்குக்கரை அரசியலாளர் எதிர்த்தனர். பிரதமர் ஜோன் மக்டொனால்டோ, சீனத் தொழிலாளர் இன்றேல் இருப்புப்பாதையும் இன்று என்னும் நிலைப்பாட்டை 1882 இல் பாராளுமன்றத்தில் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்.

1881 முதல் 1885 வரையில் 15,000 க்கு மேற்பட்ட சீனர் அப்பணியில் ஈடுபட்டனர். அவர்களுடைய நாட்கூலி ஒரு டொலர். அதே வேலைக்கு வெள்ளைத் தொழிலாளர் ஒன்றரை டொலரும் அதற்கு மேலும் பெற்றனர். உணவுச் செலவையும் கூடாரச் செலவையும் சீனர் தம் கூலியிலிருந்தே கொடுக்கவேண்டியிருந்தது. மலையைக் குடைந்து வெடிவைப்பதும், சரியும் பாறைகளின் கீழ் மண்ணகற்றுவதும் அவர்கள் பங்கிற்று வந்தன. வெடிவிபத்தாலும் மண்சரிவாலும் குளிர்கால நோய்களாலும் இறந்தோர் குறைந்தது 600 பேர் என்பர்; அதனினும் பன்மடங்கு என்பாரும் உளர். முறையான பதிவு பேணப்படாமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

1885 நவம்பர் 7 ஆம் நாள் கிறெயிக்கெலக்கி என்னுமிடத்தில் இறுதி ஆணி அறையப்பட்டது. டொனால்ட் ஸ்மித் சுத்தியலை ஓங்கி நிற்கும் அப்புகைப்படம் கனடியப் பாடநூல்கள் யாவற்றிலும் இடம்பெற்றது. அதில் ஒரு சீன முகமேனும் இல்லை.

தலைவரி

இறுதி ஆணி அறையப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே, 1885 ஜூலையில், சீனர் குடிவரவுச் சட்டம் நிறைவேறியிருந்தது. பாதை முடியும் தறுவாயில் தொழிலாளர் தேவையும் முடிந்தது. அச்சட்டப்படி நாட்டினுள் நுழையும் சீனர் ஒவ்வொருவரும் 50 டொலர் தலைவரி செலுத்தவேண்டும். கப்பலொன்று தன் கொள்ளளவில் 50 தொன்னுக்கு ஒருவர் வீதமே சீனரை ஏற்றிவரலாம். அதே ஆண்டில் நிறைவேறிய மற்றொரு சட்டம் சீனருக்கு வாக்குரிமை இல்லை என்றது.

1900 இல் தலைவரி 100 டொலராகவும், 1903 இல் 500 டொலராகவும் உயர்த்தப்பட்டது. 500 டொலர் என்பது அக்காலச் சீனத் தொழிலாளி ஒருவரின் ஏறத்தாழ ஈராண்டு வருமானம். இதே காலத்தில் ஐரோப்பியக் குடியானவருக்குப் பத்து டொலர் பதிவுக்கட்டணத்தோடு 160 ஏக்கர் மேற்குப் புல்வெளி நிலம் வழங்கப்பட்டமை ஒப்புநோக்கத்தக்கது. வேறெந்த இனத்தவர் மீதும் இவ்வரி விதிக்கப்படவில்லை. 1885 முதல் 1923 வரையில் ஏறத்தாழ 82,000 பேர் இதனைச் செலுத்தினர். அரசு திரட்டிய தொகை சுமார் 2 கோடியே 30 இலட்சம் டொலர்.

வரி செலுத்தியவருக்கு அவரது புகைப்படம் ஒட்டிய சான்றிதழ் ஒன்று வழங்கப்பட்டது. அக்காகிதத்தைப் பலர் தம் பெட்டியின் அடியில் வாழ்நாள் முழுதும் காத்துவைத்தனர். அது இல்லையேல் எந்நேரமும் நாடுகடத்தப்படலாம் என்ற அச்சமே அதற்குக் காரணம். அவமானத்தின் அடையாளமான அக்காகிதம் பிற்காலத்தில் வேறொரு பயன் தந்தது. அது பின்னர்க் கூறப்படும்.

வந்திறங்கியோர் விசாரணை முடியும்வரை விக்ரோறியாவின் குடிவரவுக் கட்டடத்திற் பூட்டிவைக்கப்பட்டனர். 1970 களின் பிற்பகுதியில் அக்கட்டடம் இடிக்கப்பட்டபோது, அதன் சுவர்களிற் சீன எழுத்தில் பொறிக்கப்பட்ட கவிதை வரிகள் காணப்பட்டன. புவியியல் அறிஞர் டேவிட் லாய் அவற்றைப் படியெடுத்துப் பதிவுசெய்தார். பெயரறியாத அவ்வுழைப்பாளர்களின் சுவர் எழுத்தைக் கனடியச் சீன இலக்கியத்தின் முதற் பக்கங்களுள் ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை.

ஒருவர் வருவதற்கே 500 டொலர் எனில், மனைவியையும் பிள்ளைகளையும் அழைப்பது எவ்வாறு? ஆதலால் ஆடவர் தனித்தே வந்தனர். 1921 இல் கனடாவில் வாழ்ந்த சீனர் 39,587 பேர். அவர்களுள் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து ஆண்கள் என்பது கணக்கு. மணமாகியும் மனைவியைக் காணாத பிரமசரிய வாழ்வு அவர்களுக்கு விதிக்கப்பட்டது. சலவைக் கடையிலும் மரம் அரியும் ஆலையிலும் மீன் பதனிடும் ஆலையிலும் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பினர். புல்வெளி மாகாணங்களின் சிற்றூர்கள் தோறும் ஒரு சீன உணவகம் தோன்றிற்று. அவ்வூரில் வாழ்ந்த ஒரே சீனர் பெரும்பாலும் அவ்வுணவகத்தின் உரிமையாளரே.

தனித்து வாழ்ந்த ஆடவர் என்பதையே காட்டி, இவர்கள் இந்நாட்டோடு ஒட்டாதவர்கள் என்று பழி சுமத்தினர். குடும்பம் வரத் தடைவிதித்தவர்களே குடும்பம் இல்லாமையைக் குற்றமாக்கினர். 1907 செப்ரெம்பர் 7 ஆம் நாள் ஆசியர் எதிர்ப்புக் கும்பலொன்று வன்கூவரின் சீனர், ஜப்பானியர் குடியிருப்புகளிற் புகுந்து கடைகளை நொருக்கிற்று. 1912 இல் சஸ்கற்சுவான் மாகாணம், சீனர் நடத்தும் கடைகளில் வெள்ளைப் பெண்கள் வேலைசெய்வதைத் தடைசெய்தது. 1914 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

இவற்றைச் சீனர் வாய்மூடிப் பொறுத்தனர் என்று கருதுவது தவறு. 1922 இல் விக்ரோறியாவின் கல்விச் சபை சீனப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு ஒதுக்க முற்பட்டபோது, பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாது ஓராண்டு பகிஷ்கரித்தனர். இறுதியிற் சபையே பணிந்தது.

அடைபட்ட கதவு

1923 இல் தலைவரி நீக்கப்பட்டது. அதனினும் கொடியது அதன் இடத்தைப் பிடித்தது. அவ்வாண்டின் சீனர் குடிவரவுச் சட்டம் இராசதந்திரிகள், மாணவர், வணிகர் முதலிய மிகச் சிலரைத் தவிர்த்துச் சீனர் எவரும் நுழையலாகாது என விதித்தது. இங்கேயே வாழ்வோர், கனடாவிற் பிறந்தோர் உட்பட, ஓராண்டினுள் அரசிடம் தம்மைப் பதியவேண்டும். ஊர் சென்றவர் ஈராண்டினுள் திரும்பாவிடின் திரும்பும் உரிமையை இழப்பர். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1923 ஜூலை 1; கனடா தன் பிறந்தநாளைக் கொண்டாடும் நாள். சீனரோ அதனை "அவமான நாள்" என்று பெயரிட்டுப் பல ஆண்டுகள் கடைகளை அடைத்துத் துக்கம் காத்தனர்.

அடுத்த 24 ஆண்டுகளிற் கனடாவினுள் அனுமதிக்கப்பட்ட சீனர் ஐம்பது பேருக்கும் குறைவு. இக்காலத்திற் சீனர் சமுதாயம் தேய்ந்தது. 1951 இல் அவர்தம் தொகை 32,528. முப்பது ஆண்டுகளுக்கு முன்னிருந்ததைவிட ஏழாயிரம் குறைவு. குவாங்டொங்கின் சிற்றூர்களில் கணவன் உயிரோடிருந்தும் கைம்பெண் போல் வாழ்ந்த மனைவியர், தந்தையைப் புகைப்படத்தில் மாத்திரம் அறிந்த பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! 1930 களின் பொருளாதார வீழ்ச்சியும் 1937 இல் மூண்ட சீன - ஜப்பானியப் போரும் அனுப்பிய பணத்தையும் கடிதத்தையும் கூடத் தடுத்தன.

இறந்தவர்களுக்கும் வழி அடைபட்டது. சீனர் வழக்கப்படி இங்கே இறந்தோரைப் புதைத்து, ஏழாண்டுகளின் பின் எலும்புகளைத் தோண்டித் தூய்மைசெய்து, பெட்டியிலிட்டு ஹொங்கொங் வழியாகப் பிறந்த ஊருக்கு அனுப்புவர். விக்ரோறியாவின் ஹார்லிங் முனைச் சுடுகாட்டில் அதற்கென ஓர் எலும்பகம் இருந்தது. 1937 இன் போரோடு அவ்வனுப்புதல் நின்றது. ஊர் திரும்பக் காத்திருந்த எலும்புகள் 1961 இல் அச்சுடுகாட்டிலேயே பதின்மூன்று பொதுக்குழிகளில் அடக்கஞ்செய்யப்பட்டன. திரும்பிச்செல்லும் கனவு அவற்றோடு மண்ணுள் இறங்கிற்று. இனி இதுவே ஊர் என்னும் உண்மையைச் சமுதாயம் ஏற்றுக்கொண்டதற்கு அக்குழிகள் சாட்சி.

போரும் வாக்குரிமையும்

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 600 சீனக் கனடியர் படையிற் சேர்ந்தனர். வாக்குரிமை தராத நாட்டுக்காக உயிர்தருவதா என்று சமுதாயத்தினுள்ளே விவாதம் எழுந்தது. போரிட்டால் உரிமையைக் கேட்கும் தகுதி பிறக்கும் என்று இளைஞர் வாதிட்டனர். அவர்களுட் பலர் பிரித்தானியரின் 136 ஆம் படைப்பிரிவில் தென்கிழக்காசியக் காடுகளில் எதிரியின் பின்புலத்தில் இரகசியப் பணிக்கெனத் தெரிவுசெய்யப்பட்டனர்.

அவர்கள் எண்ணியது பலித்தது. 1947 மே மாதம் 1923 இன் சட்டம் நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் கொலம்பியாவிற் சீனருக்கு வாக்குரிமையும் கிட்டிற்று. கதவை அடைத்த 1923 இலும் திறந்த 1947 இலும் பிரதமராக இருந்தவர் மக்கென்சி கிங் ஒருவரே என்பது வரலாற்றின் விந்தை. ஆயினும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. பிரஜாவுரிமை பெற்ற சீனர் தம் மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் மாத்திரமே அழைக்கலாம். ஐரோப்பியருக்கு இக்கட்டுப்பாடு இருக்கவில்லை.

136 ஆம் படைப்பிரிவின் வீரர் டக்ளஸ் ஜங் 1957 இல் வன்கூவரிலிருந்து தெரிவாகி, பாராளுமன்றம் புகுந்த முதற் சீனக் கனடியரானார். அதே ஆண்டில் ரொறன்ரோவின் உணவக உரிமையாளர் ஜீன் லம், ஒட்டாவா சென்ற தூதுக்குழுவில் ஒருவராகப் பிரதமர் டீபன்பேக்கரைச் சந்தித்துக் குடும்பங்களை ஒன்றுசேர்க்குமாறு வேண்டினார். சட்டத்தின் இறுக்கத்தாற் பிறர் பெயரில், பிறர் பிள்ளையென்று காகிதத்திற் காட்டி வந்தோர் அன்று பலர் இருந்தனர். "காகித மகன்கள்" என்று அவர்களை அழைத்தனர். 1960 இல் அரசு அறிவித்த மன்னிப்புத் திட்டத்தின்கீழ் 11,000 க்கு மேற்பட்டோர் தம் உண்மைப் பெயரை மீட்டுக்கொண்டனர்.

கதவு திறந்த பின்

1962 இன் விதிகள் குடிவரவில் இனவேற்றுமையைப் பெரிதும் அகற்றின. 1967 இற் புள்ளிமுறை வந்தது. கல்வி, தொழில், மொழியறிவு என்பனவே அளவுகோலாயின. அதன்பின் வந்த சீனர் முன்னையோரினும் வேறானவர்: மருத்துவர், பொறியியலாளர், ஆசிரியர், குடும்பத்தோடு வந்த நகர்ப்புறத்தார். 1979 - 80 இல் வியட்நாமிலிருந்து படகேறி வந்த அகதிகளுள்ளும் சீன வமிசத்தவர் பெருந்தொகையினராயிருந்தனர்.

மக்கள் பெருகிய வேளையில் பழைய சீனர் நகர்களுக்கு ஆபத்து வந்தது. ரொறன்ரோவின் எலிசபெத் வீதிச் சீனர் நகரின் பெரும்பகுதி, 1965 இல் திறக்கப்பட்ட புதிய நகரமண்டபத்துக்காக இடிக்கப்பட்டது. எஞ்சியதைக் காக்க ஜீன் லம் முதலியோர் இயக்கம் நடத்தினர். வன்கூவரில் நெடுஞ்சாலை அமைக்கும் திட்டம் ஸ்ற்றத்கோனாக் குடியிருப்பை விழுங்க இருந்தது. 1968 இல் அங்குள்ள வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் சங்கம் அமைத்து, வீடுவீடாகச் சென்று மக்களைத் திரட்டித் திட்டத்தைத் தடுத்தனர். அயலிற் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹோகன் சந்து அந்த அதிர்ஷ்டம் இன்றி மேம்பாலத்துக்கு இரையாயிற்று.

பல்பண்பாட்டுக் கொள்கை வந்துவிட்டதால் மனப்பாங்கு மாறிவிடவில்லை. 1979 இற் சீடீவி தொலைக்காட்சி, அந்நிய மாணவர் கனடியரின் பல்கலைக்கழக இடங்களைப் பறிக்கின்றனர் என்று ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பிற்று. திரையில் அந்நியராகக் காட்டப்பட்ட சீன முகத்தினர் கனடியப் பிரஜைகள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1980 இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரிற்று. அவ்வெழுச்சியிற் பிறந்ததே சீனக் கனடியர் தேசிய மன்றம். ஊர்ச்சங்கமும் குலச்சங்கமும் வளர்த்த சமுதாயம், அன்றுமுதல் கனடியராக நின்று கனடியரின் உரிமையைக் கேட்கும் சமுதாயமாயிற்று.

1984 இல் ஹொங்கொங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானது. 1989 இல் தியனன்மென் சதுக்கத்திற் குருதி சிந்தியது. 1997 ஐ அஞ்சிய ஹொங்கொங் மக்கள் திரள்திரளாகக் கனடா வந்தனர். 1994 ஆம் ஆண்டில் மாத்திரம் அங்கிருந்து வந்தோர் ஏறத்தாழ 44,000 பேர். வன்கூவரை அடுத்த றிச்மண்ட், ரொறன்ரோவை அடுத்த ஸ்காபரோ, மார்க்கம் ஆகிய புறநகர்களிற் சீன வணிக வளாகங்கள் எழுந்தன. வறியோர் என்று முன்னர் வெறுத்தவர்களே, இவர்கள் செல்வர் என்று இப்போது முணுமுணுத்தனர்.

அதே ஸ்காபரோவில், அதே ஆண்டுகளில், ஈழத்துப் போரிலிருந்து தப்பிய தமிழரும் குடியேறினர். 1977 இல் ஒன்ராறியோ தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் வகுப்பறைகளிற் சீனமும் தமிழும் அடுத்தடுத்துக் கற்பிக்கப்பட்டன. 1986 இல் நியூபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழரும், 1999 இல் பசிபிக் கரையை நான்கு கப்பல்களில் அடைந்த சுமார் 600 பூஜியன் சீனரும் ஒரே வகைச் சந்தேகத்தை எதிர்கொண்டனர். 1995 இல் நிரந்தர வதிவுக்கு 975 டொலர் கட்டணம் விதிக்கப்பட்டபோது, அதனைப் "புதிய தலைவரி" என்று பலர் கண்டித்தனர். அச்சொல்லின் கனத்தை அப்போது பிற சமுதாயத்தவரும் உணர்ந்தனர். அகதிகளுக்கு அக்கட்டணம் 2000 இல் நீக்கப்பட்டது.

காகிதத்தின் சாட்சி

பெட்டியின் அடியிற் கிடந்த தலைவரிச் சான்றிதழ்கள் 1980 களில் வெளிவந்தன. 1984 இல் வன்கூவர் உறுப்பினர் மாகிரற் மிச்செல் இவ்விடயத்தைப் பாராளுமன்றத்தில் எழுப்பினார். தேசிய மன்றம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமைகோரல்களைத் திரட்டிற்று. அக்காலம் சட்டப்படி அறவிட்ட வரியைத் திருப்பித்தர முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. 2005 இல் முன்னாட் படைவீரர் கிம் வோங், தமது 82 ஆம் வயதிலே, மோட்டார் சைக்கிளில் நாட்டின் குறுக்கே பயணஞ்செய்து நீதி கேட்டார்.

2006 ஜூன் 22 ஆம் நாள் பிரதமர் ஸ்ரீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் முறைப்படி மன்னிப்புக் கோரினார். வரி செலுத்தி உயிரோடிருந்தோருக்கும் இறந்தோரின் துணைவருக்கும் 20,000 டொலர் வழங்கப்பட்டது. செலுத்திய 82,000 பேருள் அன்று எஞ்சியிருந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. துணைவரும் இறந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிட்டவில்லை. நீதி வந்தது, மிகத் தாமதமாக வந்தது.

இவ்வரலாற்றை எழுத்திற் பதித்தோர் பலர். ஸ்கை லீ 1990 இலும், வேசன் சோய் 1995 இலும் வெளியிட்ட நாவல்கள் வன்கூவர்ச் சீனர் நகரின் மறைந்த வாழ்வை இலக்கியமாக்கின. டெனிஸ் சொங் 1994 இல் வெளியிட்ட நூல், சீனாவிலொன்றும் கனடாவிலொன்றுமாகப் பிளவுண்ட தம் பாட்டனாரின் குடும்பக் கதையாகும். பாட்டன்மார் பேசாது விழுங்கியவற்றைப் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதினர்.

1942 இல் ஹொங்கொங்கிலிருந்து அகதிச் சிறுமியாக வந்த ஏட்ரியன் கிளாக்சன் 1999 இல் நாட்டின் ஆளுநர் நாயகமானார். 2023 இல் ஹொங்கொங்கிற் பிறந்த ஒலிவியா சௌ ரொறன்ரோவின் மேயராகத் தெரிவானார். அதே 2023 இல், ஜூலை முதலாம் நாள், வன்கூவர்ச் சீனர் நகரிற் சீனக் கனடியர் அரும்பொருளகம் திறக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன்னர் அவமான நாளாக இருந்த அதே நாள் அது.

பல்பண்பாடு என்பது ஓர் அரசு மனமுவந்து அளித்த கொடை என்று எண்ணுவோர், இவ்வரலாற்றைப் படித்தல் வேண்டும். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப மறுத்த தாயும், போர்முனை சென்ற இளைஞனும், வீதியைக் காக்க வீடுவீடாகச் சென்ற பெண்களும் சிறுகச்சிறுகச் சேர்த்த சொத்து அது. ஒரு நாடு தன்னிடம் வந்தவரின் உழைப்பை எவ்வளவு பெற்றுக்கொண்டது என்பதை வைத்து அதன் பெருமையை அளக்க இயலாது. அவர்தம் தாயையும் தாரத்தையும் மக்களையும் அவரோடு சேர்ந்து வாழவிட்டதா என்பதே உரைகல். கனடா அவ்வுரைகல்லில் நெடுங்காலம் தோற்று, பின்னரே தேறியது. பின்வந்த எச்சமுதாயமும், தமிழர் உட்பட, தன் குடும்பத்தை விமானநிலையத்தில் எதிர்கொண்டு தழுவும் வேளையில், தழுவ எவரும் வராது மறைந்த அந்த முன்னோரை ஒருகணம் நினைத்தல் தகும்.